தகவல் கேட்டு எழுதித் தந்த மேசை

யாழ்ப்பாணத்தில் மூன்று வருடம் இயங்கிய ஓர் இலவச சட்ட உதவி நிலையத்தைப் பற்றி எழுதுகிறேன். 2024 கடைசியோடு பூட்டியாயிற்று, அதனால் போய்ப் பாருங்கள் என்று சொல்ல வழியில்லை. ஆனாலும் எழுத வேண்டும் போல இருக்கிறது. வெளிநாட்டு அரசாங்கம் ஒன்று மனித உரிமைக்கும் நல்லாட்சிக்கும் என்று கொடுத்த காசில் நடந்த இடம் அது, அந்தக் காசு எங்கள் ஊரில் எப்படி வந்து நின்றது என்பதை அந்த நிலையத்து மேசைக்கு முன்னால் இருந்து எழுதிய ஒருவர் சொல்வதுதான் சரி.

அம்மாவின் காணி வலிகாமம் வடக்கில், ஆறு பரப்பு. 1990 ஜூனில் யுத்தத்தில் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டவர்கள், பிறகு அங்கே கால் வைக்கவில்லை. 2013 ஏப்ரலில் அரசாங்கம் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். எங்கள் துண்டு அதற்குள் விழுகிறதா என்று கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனால் இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள், அங்கே போனால் திரும்பவும் முதலாவதைக் காட்டினார்கள், இப்படியே வருடங்கள் போயின. 2022இல் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் இந்த நிலையத்துக்குப் போனோம்.

மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு போட்டோகொப்பி மெஷின், இரண்டு பேர். அம்மா காணி உறுதியின் பிரதியையும், தான் இரவிரவாக எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தையும் ஷொப்பிங் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மேசையில் இருந்த பிள்ளை கடிதத்தை முழுவதும் வாசித்தது. அவசரப்படவில்லை, நடுவில் போன் எடுக்கவில்லை. வாசித்து முடித்துவிட்டுப் பென்சிலால் கடைசி மூன்று வரிக்கு மட்டும் கீழே கோடு போட்டது. "அம்மா, மேல எழுதினது எல்லாம் உண்மை. ஆனா ஏன் கேக்கிறீங்கள் எண்டு நீங்கள் அவையளுக்குச் சொல்லத் தேவையில்லை, சட்டம் அப்பிடித்தான் இருக்கு. கேள்வியை மட்டும் கேப்பம்."

அந்தப் பிள்ளை சொன்னது தகவலறியும் உரிமைச் சட்டத்தை, அரச அலுவலகங்களிடம் தகவல் கேட்க வழி தரும் சட்டம். அது 2016இல் நிறைவேறியது, 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்தது. எத்தனையோ பேர் காரணம் சொல்லிக் கெஞ்சியே பழகிப்போனவர்கள், அம்மாவும் அப்படித்தான். காரணம் கேட்க அலுவலகங்களுக்கு உரிமையில்லை என்று கேட்டபோது அம்மா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்த நிலையம் செய்த பெரிய வேலை அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மூன்று கேள்விகள் எழுதினோம். காணி அந்த அறிவித்தலுக்குள் வருகிறதா, எந்த வரைபடத்தில் எந்தத் துண்டு, இறுதிச் சுவீகரிப்பு அறிவித்தல் வெளிவந்ததா. 14 வேலை நாட்களில் முடிவு சொல்ல வேண்டும், சொல்லவில்லை. மேன்முறையீடு எழுதித் தந்தார்கள், அதற்கும் பதில் இல்லை. அப்புறம் கொழும்பில் இருக்கும் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதினோம், அதற்குப் பிறகுதான் ஒரு பக்கப் பதில் வந்தது, தமிழில், வரைபட இலக்கத்தோடு. காணி இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டுதான் இப்போது எங்கே போனாலும் கதைக்கிறோம். ஒரு சதம் செலவில்லை, பஸ் காசுகூட இரண்டு தடவை தந்தார்கள்.

சரி, குறைகள். ஒவ்வொரு தடவை போகும்போதும் பெயர், வயது, ஆணா பெண்ணா, போன் நம்பர், கையெழுத்து என்று ஒரு தாள். காசு கொடுக்கிற அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும், அது விளங்குகிறது. ஆனால் காணிப் பிரச்சினைக்கு வந்த மனிசிமாரை பனருக்கு முன்னால் நிற்பாட்டிப் போட்டோ எடுத்தது பிழை. எங்கள் ஊரில் யார் எந்தக் கூட்டத்துக்குப் போனார்கள் என்று விசாரிக்க ஆள் வரும். என்ஜிஓக்களை, அதாவது அரச சார்பற்ற அமைப்புகளைப் பதிவு செய்யும் செயலகமே ஒரு காலம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்த நாடு இது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லலாம் என்பதை யாராவது முதலே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று, அவர்கள் மேலே அனுப்பிய அறிக்கையில் எத்தனை விண்ணப்பம் போட்டோம் என்பதற்குக் கட்டம் இருந்தது, எத்தனைக்குப் பதில் வந்தது என்பதற்குக் கட்டம் இல்லை. அந்தப் பிள்ளையே மனவருத்தத்தோடு சொன்னது. பெரும்பாலும் இந்த மாதிரிப் பணம், அதைக் கொடுக்கும் நாட்டில் இருக்கும் பெரிய நிறுவனத்துக்கு முதலில் போகும், அங்கிருந்து கொழும்புக்கு, கொழும்பிலிருந்து மாவட்டத்துக்கு, ஒவ்வொரு படியிலும் ஒரு ஒப்பந்தம், ஒரு செலவு. எல்லாம் அப்படியில்லை, அமெரிக்காவில் 1983இல் தொடங்கிய ஜனநாயகத்துக்கான தேசிய நிதியம் உள்ளூர் அமைப்புகளுக்கு நேரடியாகவும் கொடுக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்திலும் அப்படி வழி இருந்தது. எங்கள் மேசைக்கு வந்தது நீண்ட வழியால்தான். அதனால்தான் மூன்று வருடம் என்றால் மூன்று வருடம், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை.

பூட்டப்போவதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை, என் பெரிய கோபம் இதில்தான். போன் வேலை செய்யவில்லை என்று நேரில் போனால் கதவில் வேறு பூட்டு. எங்கள் மேன்முறையீட்டுப் பிரதி அவர்களுடைய கோப்புக்குள். அந்தப் பிள்ளை வேறு வேலைக்குப் போன பிறகும் தேடி எடுத்துத் தந்தது, அது அந்தப் பிள்ளையின் நல்ல மனம், நிலையத்தின் ஒழுங்கு அல்ல. புரொஜெக்ட் முடியும் திகதி முதல் நாளே தெரியும். கடைசி மூன்று மாதத்தைக் கோப்புகளைத் திருப்பிக் கொடுக்கவே ஒதுக்கியிருக்கலாம்.

வேறு யாராவது அந்த இடத்தை எடுப்பார்கள் என்று நினைத்தோம். 2025 ஜனவரி 20இல் அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்தினார், மார்ச்சில் யுஎஸ்எய்ட் என்ற அமெரிக்க உதவி நிறுவனத்தின் திட்டங்களில் 83 வீதத்தை ரத்துச் செய்துவிட்டதாக அறிவித்தார்கள், பிரித்தானியாவும் தன் உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 வீதத்திலிருந்து 2027இல் 0.3 வீதமாகக் குறைக்கப் போவதாகச் சொன்னது. சரியாக அதே மார்ச் 28ஆம் திகதிதான் வடக்கில் 5,940 ஏக்கர் பற்றிய அரச வர்த்தமானி அறிவித்தல் வந்தது, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்று. யாழ் மாவட்டத்தில் மட்டும் 3,669 ஏக்கர். சனம் உறுதிப் பைகளோடு அலைந்த அந்த நேரத்தில் அந்த மேசை இருந்திருக்க வேண்டும். சட்டத்தரணிகள் சிலர் தாங்களாகவே ஊர்களுக்குப் போய் இருந்து எழுதிக் கொடுத்தார்கள், ஜூன் கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை போட்டது.

வேலைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், முடித்த விதத்துக்கு ஒன்று. இனி இப்படி ஓர் இடம் திறந்தால் முதல் நாளே இரண்டு கேள்வி கேளுங்கள்: எப்போது முடியும், என் கோப்பின் பிரதி இன்றைக்கே எனக்குக் கிடைக்குமா. அதுவரைக்கும் விண்ணப்பத்தை வெறும் தாளில் தமிழில் நீங்களே எழுதலாம், எழுத இயலாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. கொடுத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் அந்த இடத்தை விட்டு எழும்ப வேண்டாம், 14 வேலை நாள் கணக்கு அதில் இருக்கும் திகதியை வைத்துத்தான்.