கிளினிக் தொடங்க ஒரு மகப்பேறு மருத்துவர் போதுமா?

மருத்துவ வசதி எட்டாத பெண்களுக்காக கிளினிக் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதல் நாளே “சேவை மனப்பான்மை உள்ள டாக்டர் ஒருவர் கிடைப்பாரா?” என்று தேடக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே பிரசவம் பார்க்கப்போகிறோமா, கர்ப்பகாலப் பரிசோதனையோடு நிறுத்தப்போகிறோமா என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பரிசோதனை மட்டும் என்றால் வேலை பகலோடு முடிந்துவிடும். பிரசவம் என்றால் வாரத்தின் 168 மணி நேரத்துக்கும் யாராவது பொறுப்பில் இருந்தாக வேண்டும். சிசேரியனும் வேண்டும் என்றால் மயக்க மருந்து நிபுணர், ரத்தம், அறுவை அரங்கு எல்லாம் தேவை. அது கிளினிக் கணக்கே அல்ல, மருத்துவமனைக் கணக்கு.

ஆள் அமர்த்த மூன்று வழிகள் உண்டு. முழுநேர மருத்துவர் ஒருவர். முறை வைத்து வந்துபோகும் நிபுணர்கள். அன்றாட வேலையை மருத்துவச்சிகள் பார்க்க, சிக்கலானதை மட்டும் மகப்பேறு மருத்துவர் பார்ப்பது.

முதல் வழிதான் எல்லோருக்கும் பிடிக்கும். ஒரே முகம், ஒரே பொறுப்பு, நோயாளிகளுக்கும் நம்பிக்கை. இதற்கு ஹாம்லின் தம்பதியை உதாரணம் காட்டுவார்கள். லான்செட் இதழில் வந்த விளம்பரத்தைப் பார்த்து 1959இல் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எத்தியோப்பியா போன மகப்பேறு மருத்துவர்கள் அவர்கள். வாழ்நாள் முழுக்க அங்கேயே இருந்துவிட்டார்கள். ஆனால் போனவர்கள் இரண்டு பேர். போன வேலையும் மருத்துவச்சிகளுக்கான பள்ளி தொடங்குவது. தனியாளாக கிளினிக்கைச் சுமக்க அவர்கள் போகவில்லை. தனியாக மாட்டிக்கொண்ட மருத்துவருக்கு இரவுத் தூக்கம் இல்லை, விடுப்பில் போக முடியாது, சந்தேகம் வந்தால் கேட்கப் பக்கத்தில் ஆளும் இல்லை. வெளிநோயாளிகளை மட்டுமே பார்த்தால் அறுவைக் கை பழக்கம் விட்டுப்போகும் என்ற பயம் வேறு. அவர் விலகிய மறுநாள் கிளினிக்குக்குப் பூட்டுதான்.

வந்துபோகும் நிபுணர்களை வைத்துச் சீக்கிரம் தொடங்கிவிடலாம், செலவும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 24 வாரத்துக்குள் எடுக்கச் சொல்லும் ஸ்கேனுக்கும், சிக்கல் உள்ள கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாட்களுக்கும் இது பொருந்தும். அதற்கு மேல் இழுத்தால் பிய்ந்துவிடும். அதே நிறுவனம் 2016 முதல் குறைந்தது 8 முறை கர்ப்பிணியைப் பார்க்கச் சொல்கிறது. எட்டு முறையும் எட்டு பேர் பார்த்தால், 100/60 இருந்த ரத்த அழுத்தம் 130/85க்கு ஏறியது யார் கண்ணிலும் படாமல் போகலாம். உயர் ரத்த அழுத்தம் எனக் கொள்ளும் 140/90 எல்லையைத் தொடவில்லையே என்று அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாவது வழிக்குத்தான் என் ஓட்டு. அவசர மகப்பேறு சிகிச்சையின் அடிப்படைப் பணிகள் என்று ஏழு உண்டு. ஆன்டிபயாடிக் ஊசி, பிரசவ ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின், வலிப்புக்கான மருந்து, தங்கிய நஞ்சுக்கொடியை எடுப்பது, மூச்சுவிடாத குழந்தையை மீட்பது போன்றவை. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளால் இவற்றைச் செய்ய முடியும். இதற்கு மேல் மிஞ்சுபவை சிசேரியனும் ரத்தம் ஏற்றுவதும் மட்டுமே. வலிப்புக்கான மருந்தான மெக்னீசியம் சல்பேட், உயர் ரத்த அழுத்தச் சிக்கல் உள்ள கர்ப்பிணிகளுக்கு வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 2002இல் வெளியான மேக்பை ஆய்வு காட்டியது. அந்த ஊசியைப் போட நிபுணர் வந்து சேரும்வரை காத்திருப்பது வீண்.

மொசாம்பிக் இன்னும் ஒரு படி மேலே போனது. மருத்துவப் பட்டம் இல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்கு 1984 முதல் அறுவைப் பயிற்சி கொடுத்தது. ஏழாண்டு கழித்துப் பார்த்தபோது அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் மாவட்ட மருத்துவமனைகளிலேயே இருந்தார்கள். அங்கே அனுப்பப்பட்ட மருத்துவர்களில் ஒருவர்கூட இல்லை.

இந்த வழிக்கும் ஓட்டைகள் உண்டு. சில நாடுகளின் சட்டம் மருத்துவச்சிகளுக்கு இவ்வளவு அதிகாரம் தராது. பக்கத்து மருத்துவமனையோடு எழுத்துப்பூர்வமான உடன்பாடும் வண்டியும் இல்லையென்றால் சிக்கலான பிரசவம் வாசலிலேயே நின்றுவிடும். ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க நம்பகமான குளிர்பெட்டி வேண்டும். இதையெல்லாம்விடப் பெரிய தலைவலி, மருத்துவச்சிகளை எடுபிடிகளாக நடத்தும் மருத்துவர். அப்படி ஒருவர் வந்தால் ஏற்பாடே கெட்டது.

சரி, யாரை எடுப்பது? படிப்பை முடித்த இளையவரிடம் புதிய பயிற்சி இருக்கும். ஆனால் கட்டாயப் பணிக்கான ஒப்பந்தம் (பாண்டு) முடிந்த மறுநாளே பெட்டி கட்டுபவர்கள் அதிகம். கிராமப் பின்னணியிலிருந்து வந்தவர்கள் கிராமப் பணியில் நிலைக்க வாய்ப்பு அதிகம் என்பதால், அப்படிப்பட்ட மாணவர்களை மருத்துவத் துறைப் படிப்புகளில் சேர்த்துக்கொள்ளும்படி உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. ஓய்வை நெருங்கும் மூத்தவர் இரவு வேலைக்கு வரமாட்டார். ஆனால் எதை உடனே அனுப்ப வேண்டும், எதற்குப் பொறுக்கலாம் என்பதை மருத்துவச்சிகளுக்குச் சொல்லித்தர அவரைவிட நல்ல ஆள் கிடைக்காது. நான் என்றால் பகலுக்கும் பயிற்சிக்கும் மூத்தவர் ஒருவரை அரைநேரத்துக்கு எடுத்துக்கொண்டு, இரவு அழைப்புகளைப் பக்கத்து மருத்துவமனையின் மகப்பேறு பிரிவோடு பேசி முடிப்பேன்.

மருத்துவரோடு நடத்தும் பேச்சில் சம்பளத்துக்கு முன்பே இரண்டு விஷயங்கள் தீர வேண்டும். அவர் விடுப்பில் போகும் வாரத்தில் யார் பார்ப்பது என்பது ஒன்று. இன்னொன்று தொழில்முறைக் காப்பீடு. பிரசவம் தொடர்பான வழக்குகள் குழந்தை பிறந்து பல ஆண்டுகள் கழித்தும் வரக்கூடும் என்பதால், அவர் வேலையை விட்டுப் போன பிறகும் அந்தக் காப்பீட்டுக்கு யார் பணம் கட்டுவது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.