செவீயாவில் ஒரு மாலை நடை: கோப்பையில் நிறைவு, கதையில் குறை

ஸ்பெயினின் தெற்கே அந்தலூசியாவின் தலைநகரான செவீயாவில் சென்ற அக்டோபரில் நானும் என் மனைவியும் மூன்று நாள்கள் தங்கியிருந்தபோது, முதல் நாள் மாலையிலேயே, பழைய நகரைக் கால்நடையாகச் சுற்றிக்காட்டி இடையிடையே மதுவும் தபாஸ் எனப்படும் சிறு தட்டு உணவும் தரும் சுற்றுலா ஒன்றில் சேர்ந்தோம். மூன்றரை மணி நேரம், நான்கு கடைகள், ஒருவருக்கு 85 யூரோ. எங்களுடன் சேர்த்து மொத்தம் ஒன்பது பேர். வழிகாட்டி அந்நகரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண்மணி.

நடை பேராலயத்தின் வாசலில் தொடங்கியது. உள்ளே செல்வது கட்டணத்தில் சேராது என்பதை முன்பதிவின்போதே இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம். 12ஆம் நூற்றாண்டில் அல்மொகாத் ஆட்சியாளர்கள் கட்டிய பெரிய மசூதி நின்ற இடத்தில்தான் இப்பேராலயம் எழுந்தது. அம்மசூதியின் தொழுகை அழைப்புக் கோபுரமே இன்று ஹிரால்தா என்ற மணிக்கோபுரமாக நிற்கிறது. மேலே செல்லப் படிகளுக்குப் பதிலாக 35 சாய்தளங்கள் உள்ளன என்றும், அழைப்பவர் விலங்கின் மேல் அமர்ந்தே உச்சிவரை போகும்படி அவ்வாறு கட்டினர் என்றும் வழிகாட்டி விளக்கியபோது, மறுநாள் டிக்கெட் வாங்கி ஏறியே தீர்வது என்று முடிவு செய்துவிட்டோம். ஏறினோம், முழங்கால் வலி உள்ள என் மனைவிக்குக்கூடச் சிரமமில்லாத ஏற்றம்தான்.

ஆற்றைக் கடந்து திரியானாப் பகுதிக்குப் போன பிறகுதான் சுற்றுலாவுக்கு உயிர் வந்தது. குவாதல்கிவிர் ஆற்றின் வழியே கடலிலிருந்து கப்பல்கள் உள்நாட்டில் இவ்வளவு தூரம் வர முடிந்ததால், 1503 முதல் 1717 வரை அமெரிக்கக் கண்டத்துடனான ஸ்பானிய வணிகத்தைக் கட்டுப்படுத்திய அலுவலகம் இந்நகரில் இருந்தது. கடலோடி மகெல்லனின் கப்பல்கள் 1519இல் இங்கிருந்து புறப்பட்டு, ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள சான்லூகர் தெ பர்ரமேதா வழியாகப் பெருங்கடலுக்குள் சென்றன. அந்தச் சான்லூகரில் முதிர்ந்தால் மட்டுமே மன்சானியா என்று பெயர் பெறும் வெளிறிய மதுவைக் குளிரக் குளிர ஊற்றிக்கொடுத்துவிட்டு அவர் இக்கதையைச் சொன்னார். உடன் வந்தது வினிகரிலும் சீரகத்திலும் ஊறவைத்துப் பொரித்த சுறாத் துண்டுகள். நதியும் கப்பலும் கோப்பையும் ஒரே மேசையில் கூடிய அந்த அரைமணி நேரத்திற்கே பாதிப் பணத்தைக் கொடுக்கலாம்.

மூன்றாவது கடையில் ஷெர்ரி எனப்படும் ஹெரெஸ் நகரத்து மதுக்களை அவர் விளக்கிய விதம் இன்னும் சிறப்பு. பீப்பாயை முழுதும் நிரப்பாமல் விட்டால், மதுவின் மேற்பரப்பில் ஈஸ்ட் ஒரு வெண்படலமாகப் படர்ந்து காற்றுப் படாமல் காக்கிறது. மது வெளிறியே இருந்து ஃபினோ ஆகிறது. ஆல்கஹாலின் அளவை ஏறத்தாழ 15 விழுக்காட்டிலிருந்து 17க்கு மேல் உயர்த்தினால் அப்படலம் உயிர்வாழ முடியாது. காற்றுப் பட்டுப் பழுப்பேறி, வாதுமை மணத்துடன் ஒலோரோசோ உருவாகிறது. இரண்டுக்கும் ஒரே பலோமினோ திராட்சைதான். அப்படலத்தை அவர்கள் ‘ஃப்ளோர்’, அதாவது பூ என்கிறார்கள். நாமும் ‘பூத்துவிட்டது’ என்றுதான் சொல்கிறோம். ஆனால் ஊறுகாய் பூத்தால் கொட்டிவிடுகிறோம், அவர்கள் மது பூக்கவேண்டுமென்று காத்திருக்கிறார்கள்.

என் மனைவி சைவ உணவுக்காரர் என்பதை முன்பே எழுதியிருந்தும், இரண்டாவது கடையில் அவருக்குக் கிடைத்தது ஆலிவ் காய்களும் ரொட்டியும் மட்டுமே. தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் அரைத்துச் செய்யும் சல்மொரேஹோ அங்கே இருந்தது. அதன் மேல் தூவும் பன்றித்தொடைத் துருவலைத் தவிர்க்கச் சொல்ல யாரும் நினைக்கவில்லை. மூன்றாவது கடையின் பசலைக்கீரை–கொண்டைக்கடலை அந்தக் குறையைத் தீர்த்தது. பூண்டும் சீரகமும் மணக்க, வறுத்த ரொட்டியை அரைத்துக் கெட்டியாக்கிய இவ்வுணவு செவீயாவின் அடையாளம். சைவர்கள் கேட்டுப் பெறவேண்டிய முதல் தட்டு இதுவே.

என் பெரிய மனக்குறை சாந்தா குரூஸ் பகுதியில்தான். அந்தக் குறுகிய சந்துகளைப் பூத்தொட்டிகளும் காதல் கதைகளும் நிறைந்த இடமாக மட்டுமே காட்டி இருபது நிமிடத்தில் கடத்திவிட்டார்கள். அது இடைக்காலத்தில் யூதர்களின் குடியிருப்பு. 1391இல் பெரும் படுகொலை நடந்து, தொழுகைக் கூடங்கள் தேவாலயங்களாக மாற்றப்பட்ட இடம். அப்படி மாறிய சாந்தா மரியா லா பிளாங்கா தேவாலயத்தைத் தாண்டியே நடந்தோம். ஒரு சொல்லும் இல்லை. நான் கேட்டபோது, மகிழ்ச்சியான மாலையைக் கனக்கச் செய்யவேண்டாம் என்பது நிறுவனத்தின் அறிவுரை என்றார். வரலாற்று நகரம் என்று விளம்பரம் செய்து கட்டணம் வாங்குபவர்கள் சொல்லக்கூடாத பதில் இது. அதே நேரம், மூடி என்று பொருள்படும் ‘தபா’ என்ற பெயர், மன்னர்களின் கோப்பையை ரொட்டியால் மூடியதிலிருந்து வந்தது என்ற செவிவழிக் கதை மட்டும் உறுதியான வரலாறுபோல் சொல்லப்பட்டது.

ஆகவே உணவையும் மதுவையும் அறிய விரும்புபவர்கள் தங்கலின் முதல் நாளே இதில் சேரலாம். வரலாற்றுக்காக மட்டும் வருபவர்கள் அப்பணத்தில் அல்காசர் அரண்மனைக்கும் பேராலயத்துக்கும் டிக்கெட் வாங்குவது மேல். வெயில் 40 பாகை தாண்டும் ஜூலை, ஆகஸ்டில் இரவுச் சுற்றையே தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று: கிரனாதா நகரில் மதுவுடன் தபா இலவசமாக வருவதைக் கேள்விப்பட்டு இங்கும் எதிர்பார்க்கவேண்டாம், செவீயாவில் ஒவ்வொரு தட்டுக்கும் தனி விலை. தபா சிறியது, மேதியா ரசியோன் அதைவிடப் பெரியது, ரசியோன் முழுத்தட்டு என்று வழிகாட்டி கற்றுத்தந்த கணக்கை வைத்துக்கொண்டு, மறுநாள் 1670 முதல் இயங்கும் எல் ரின்கோன்சியோ என்ற மதுக்கடைக்கு நாங்களே போய் நின்றபடி சாப்பிட்டோம். மர மேடையிலேயே சுண்ணக்கட்டியால் கணக்கெழுதி, பணத்தை வாங்கியதும் துடைத்துவிட்டார்கள்.