எபோலாவுக்கு ஒரு நியாயம், பருவநிலைக்கு வேறா?

2014 செப்டம்பர் 18. லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவிலிருந்து ஐ.நா. பாதுகாப்பு அவையிடம் காணொளியில் பேசிய மருத்துவப் பணியாளர், சிகிச்சை மைய வாசலில் நோயாளிகள் உட்கார்ந்து உயிருக்குக் கெஞ்சுவதைச் சொன்னார். அன்றே அந்த அவை எபோலா தொற்றுநோயை உலக அமைதிக்கு அச்சுறுத்தல் என்று ஒருமனதாக அறிவித்தது. தீர்மானத்துக்குத் துணை நின்றவை 130 நாடுகள்.

சரி, பருவநிலை மாற்றம்? 2021 டிசம்பரில் அதையும் பாதுகாப்புப் பிரச்சினையாகப் பார்க்கச் சொல்லி அயர்லாந்தும் நைஜரும் அதே அவையில் கொண்டுவந்த தீர்மானத்தை 12 நாடுகள் ஆதரித்தன. ரஷ்யாவின் வீட்டோவால் (தடுப்பு வாக்கு) அது விழுந்தது. இந்தியாவும் எதிர்த்தது, இதைப் பேச ஐ.நா. பருவநிலை மாநாடு இருக்கிறதே என்றது. பணக்கார நாடுகள் சொன்ன நிதியைத் தராத கோபம் அதில் இருந்தது, அது நியாயமான கோபம்தான். ஆனாலும் இந்தியாவின் அந்த முடிவு தவறு என்றே நினைக்கிறேன். அதே டிசம்பரில் கேமரூனின் வடகோடியில், பருவநிலை மாற்றத்தால் குறைந்துவரும் தண்ணீருக்காக மேய்ப்பர்களும் மீனவர்களும் மோதிக்கொண்டார்கள். பல்லாயிரம் பேர் ஆற்றைக் கடந்து சாட் நாட்டுக்குள் ஓடினார்கள்.