முதல் துவக்கு: மேல்கீழ்க் குழலா, செமி ஓட்டோவா?

இயந்திரம் வானில் எறியும் களிமண் தட்டைச் சுடும் விளையாட்டுக்கு முதல் துவக்கு வாங்க வெளிக்கிடுகிறவர்கள் பெரும்பாலும் பெயரில்தான் தொடங்குவார்கள்: பெரெட்டாவா, பிரௌனிங்கா? முதலில் கேட்க வேண்டியது துவக்கு உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதை. அடுத்தது எந்த வகை என்பது: ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு குழல் உள்ள மேல்கீழ்க் குழலா, ஒவ்வொரு சூட்டுக்கும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் செமி ஓட்டோவா? பெயர் அதற்கும் பின்னால்தான் வரும். எங்கள் ஆட்களுக்கு இந்த ஒழுங்கு இன்னும் முக்கியம். கடையில் நிற்கும் துவக்குகளில் அனேகமானவை எங்களைவிட உயரமான, கை நீண்ட ஆட்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை.

அதற்கும் முன்னால் சட்டம் இருக்கிறது. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது. பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் லீவில் வரும்போது கொண்டுவந்து தருவார் என்ற நினைப்பையே விட்டுவிடுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்கவோ குடியேறவோ போய், போன இடத்தில் இந்த விளையாட்டைப் பிடித்துக்கொள்கிறவர்களுக்கு அந்தந்த நாட்டுச் சட்டம். அவுஸ்திரேலியாவில் 1996க்குப் பிறகு செமி ஓட்டோவும், முன்பிடியைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்பும் இறுக்கமான கட்டுப்பாட்டுக்குள் இருப்பதால், அங்கே புதிதாகத் தொடங்குகிறவருக்கு மேல்கீழ்க் குழல்தான் நடைமுறைத் தெரிவு. பிரித்தானியாவில் சாதாரண சொட்கன் பத்திரத்துக்கு, செமி ஓட்டோவின் மகசீனில் (அடுத்த தோட்டாக்கள் காத்திருக்கும் கூடு) இரண்டு தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது. கனடாவில் முதலில் பாதுகாப்புப் பயிற்சி, பிறகு அனுமதி.

பொருத்தம்

குழலைத் திறந்து காலி என்று உறுதிப்படுத்துங்கள். ஆளில்லாத பக்கம் ஒன்றைப் பார்த்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளுக்கு ஏற்றுங்கள். கன்னத்தைப் பிடங்கில் (தோளில் வைக்கும் பின்பகுதி) பதித்த பிறகு கண்ணைத் திறவுங்கள். குழலின் மேற்பட்டி மெல்லிய கீற்றாகத் தெரிந்து, நுனி மணி அதன் நடுவில் நிற்க வேண்டும். பட்டியே தெரியாமல் திறப்பு நெம்பின் (குழலைத் திறக்கும் நெம்புகோல்) பின்பக்கம்தான் கண்ணில் படுகிறதென்றால் பிடங்கின் மேல்விளிம்பு உங்களுக்குத் தாழ்வு. பட்டி ஓடுபாதை போல நீண்டு தெரிந்தால் உயரம் கூட. சூடு தட்டுக்கு மேலால் போகும். மணி ஒரு பக்கம் விலகி நின்றால் பிடங்கின் பக்கச் சாய்வு பொருந்தவில்லை.

அடுத்தது நீளம். விரலால் இழுக்கும் விசைவில்லிலிருந்து பிடங்கின் அடிவரை தொழிற்சாலை அளவு வழக்கமாக 14½ அங்குலத்தை ஒட்டியிருக்கும். ஐந்தடி ஐந்து அங்குல உயரமுள்ளவருக்குப் பெரும்பாலும் 14 அங்குலமோ அதற்குச் சற்றுக் குறைவோ போதும். துவக்கை ஏற்றியபின் மூக்குக்கும் பிடித்த கையின் பெருவிரலுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் சரி. நீளம் கூடினால் ஏற்றும்போது பிடங்கு கக்கத்தில் தடக்கி, தோளுக்குப் பதிலாகப் புயத்தில் போய் உட்காரும். அன்று மாலை புயத்தில் நீலம் பாரித்திருந்தால் காரணம் இதுதான். நீளம் குறைந்தால் பெருவிரல் மூக்கில் இடிக்கும்.

எந்தக் கண் ஆளுகிறது என்பதையும் பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்தபடி தூரத்துப் பனையொன்றின் வட்டுக்கு நேராக ஒரு விரலை நீட்டி, இடக்கண்ணை மட்டும் மூடுங்கள். விரல் அசையாமல் நின்றால் வலக்கண் ஆளுகிறது; விலகினால் இடக்கண். வலக்கையருக்கு இடக்கண் ஆண்டால் எந்த விலைத் துவக்கும் உதவாது. இடத்தோளில் சுடப் பழக வேண்டும், அல்லது இடப்பக்கக் கண்ணாடியில் சிறு துண்டு ரேப் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

மேல்கீழ்க் குழலும் காஸ் செமி ஓட்டோவும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

மேல்கீழ்க் குழலைத் திறந்தால் அது காலி என்பது பத்து யார் தள்ளி நிற்கிறவருக்கும் தெரியும். புதியவர்கள் கூடும் திடலில் இதைவிடப் பெரிய நன்மை இல்லை. இரண்டு குழலுக்கும் வேறுவேறு சோக் (குழல்வாயை ஒடுக்கி, சன்னம் எனும் சிறு குண்டுகள் பரவும் அகலத்தைக் குறைக்கும் துண்டு) போடலாம்: அருகில் போகும் தட்டுக்கு ஒன்று, எட்டிப் போகும் தட்டுக்கு மற்றது. சுட்ட கோதுகள் கைக்கே வரும். பழுதாக அதிகம் ஒன்றும் இல்லை. விலை கூடுதலாக இருப்பதும், உதை முழுவதும் தோளுக்கு வருவதும்தான் குறை.

காஸில் இயங்கும் செமி ஓட்டோவில், சுடும்போது எழும் காஸின் ஒரு பங்கு பிஸ்ரனைத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. உதை நீண்ட நேரத்துக்குப் பரவுவதால் தோளுக்கு மென்மையாக இருக்கும். நூறு தட்டுச் சுடும் நாளில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். உதைக்குப் பயந்து விசைவில்லை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடும் பழக்கம் ஒருமுறை ஒட்டினால் கழற்றுவது கடினம். சிறு உடம்புக்காரருக்கும், தோள் நோவுள்ளவருக்கும், பல பெண்களுக்கும் இது நல்ல தெரிவு. அனேக மொடல்களோடு வரும் சிறு தகடுகளை மாற்றிப் பிடங்கின் தாழ்வையும் சாய்வையும் வீட்டிலேயே திருத்தலாம். மேல்கீழ்க் குழலில் அதே வேலைக்கு மரத்தை வளைக்க ஒரு கைதேர்ந்த ஆள் வேண்டும்.

ஆனால் கரி சேரும். பிஸ்ரனையும் காஸ் துளைகளையும் சில நூறு தோட்டாக்களுக்கு ஒருமுறை துடைக்காவிட்டால் கோது வெளியேறாமல் இடையில் சிக்கும். சிக்கியதை எடுக்கும்போது குழல்வாய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் புதியவர் மறந்துவிடுவார், அங்கேதான் ஆபத்து. கோது வலப்பக்கம் பறந்து பக்கத்தில் நிற்பவர்மேல் விழும். தடுப்பு ஒன்று பூட்ட வேண்டும். வலக்கையருக்குச் செய்ததை இடக்கையர் பாவித்தால் கோது முகத்துக்கு முன்னால் கடக்கும். சோக்கும் ஒன்றுதான். காஸ் இல்லாமல் உதையின் விசையாலேயே இயங்கும் வகை சுத்தமானது, ஆனால் 24 கிராம் சன்னம் கொண்டது போன்ற மெல்லிய தோட்டாவில் தடுமாறக்கூடும். முதல் துவக்காக அதை வாங்க வேண்டாம்.

எங்கள் தீர்ப்பு: சட்டம் இரண்டுக்கும் இடம் தருகிற நாட்டில், சராசரி உடம்புக்காரருக்குப் பாவித்த ஒரு நல்ல மேல்கீழ்க் குழல், உதை தாங்காதவருக்குக் காஸ் செமி ஓட்டோ. பெரெட்டா 686, ஜப்பானில் மிரோக்கு செய்யும் பிரௌனிங் சிற்றோரி போன்றவை பழையதானாலும் உதிரிப்பாகம் கிடைக்கிறவை. மலிவான புதிய துருக்கித் துவக்கைவிட அவை நீண்ட காலம் நிற்கும்.

பம்ப் மலிவு, உறுதி. 1950இல் வந்த ரெமிங்ரன் 870 இன்றும் ஓடுகிறது. ஆனால் இரண்டு தட்டு ஒன்றாகப் பறக்கும்போது இடையில் கையால் இழுக்க வேண்டும். சர்வதேச விதிகளின் கீழ் நடக்கும் போட்டிகளில் பம்புக்கு இடமும் இல்லை. பக்கம்பக்கமாகக் குழல் உள்ள இரட்டைத் துவக்கு அழகானது, ஆனால் தட்டுக்குப் பெரும்பாலும் பாரம் போதாது. பழைய வீடுகளிலிருந்து வரும் அப்படிப்பட்ட துவக்குகளில் ஒரு கவனம் வேண்டும்: தோட்டா அறை 65 மி.மீ. என்று அளவிட்டவற்றில் 70 மி.மீ. தோட்டாவைப் போடவே கூடாது. உள்ளே போகும், மூடவும் மூடும். சுடும்போது கோதின் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறிவிடும்.

அளவுகள்

போர் என்பது குழலின் உள்விட்ட அளவு; எண் கூடக் கூடக் குழல் ஒடுங்கும். 12 போர் எடுங்கள். தோட்டா எங்கும் கிடைக்கும், வகையும் அதிகம். 20 போர் தூக்க இலகு என்று சிறுவர்களுக்கு வாங்குவார்கள். ஆனால் பாரம் குறைந்த துவக்கு கூடுதலாக உதைக்கும், சன்னமும் குறைவு. 12 போரில் 24 கிராம் தோட்டா போட்டால் உதை வெகுவாகக் குறையும்.

குழல் 30 அங்குலம். 28 வேகமாகத் திரும்பும், வேகமாக நின்றும் விடும். தட்டுக்குப் பின்னால் சுடுவது புதியவரின் பொதுத் தவறு, நீளக் குழல் அதை ஓரளவு தடுக்கும். மிகக் குட்டையானவருக்கு 28 சரி. பாரம் 3.4 முதல் 3.7 கிலோ வரை.

சோக்கில் மினக்கெட வேண்டாம். இரண்டு குழலிலும் கால் சோக் (முழு ஒடுக்கத்தில் நான்கில் ஒரு பங்கு) போட்டு ஒரு பருவம் சுடுங்கள். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால், துவக்கு காலி என்று பார்த்த பிறகு, சோக் இறுகியிருக்கிறதா என்று விரலால் பாருங்கள். தளர்ந்த சோக்கோடு சுட்டால் குழல்வாயின் மரை போய்விடும்.

பாவித்ததை வாங்கும்போது

மேல்கீழ்க் குழலை மூடி, திறப்பு நெம்பைப் பாருங்கள். புதியதில் அது நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் நிற்கும். தேயத் தேய நடுவுக்கு வந்து இடப்பக்கம் கடக்கும். கடந்திருந்தால் விலையைக் குறைக்கக் கேட்பதைவிட விட்டுவிடுவது நல்லது. குழலுக்குக் கீழுள்ள முன்கட்டையைக் கழற்றி, பிடங்கைப் பிடித்து மெல்லக் குலுக்குங்கள். குழல் ஆடக் கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே குழலுக்குள் பாருங்கள்: ஒளி வளையங்கள் வட்டமாக இருக்க வேண்டும், நெளிந்த இடத்தில் பள்ளம். பிடங்கு இரும்போடு சேரும் இடத்தில் மயிர்க்கோடு போல வெடிப்பு உண்டா என்று நகத்தால் தடவுங்கள்.

போலித் தோட்டா போட்டு, விசைவில்லை இழுத்து இரண்டு குழலையும் தட்டிப் பாருங்கள். முதலாவது தட்டியபின் இரண்டாவது தட்டாவிட்டால் உடனே பழுது என்று முடிவெடுக்காதீர்கள். சில துவக்குகளில் உதை வந்தால்தான் விசை அடுத்த குழலுக்கு மாறும். பிடங்கின் அடியை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்ப இழுங்கள்.

யாழ்ப்பாணத்தில் வைத்திருப்பவருக்குக் கடைசியாக ஒன்று. கடல் எந்தப் பக்கமும் தூரமில்லை. உப்புக் காற்றும் கார்த்திகை மார்கழி ஈரமும் இரும்பை விடாது. சுட்ட அன்றே குழலைத் துடைத்துத் துவக்கு எண்ணெய் மெல்லியதாகப் பூசுங்கள், குழல் மடியும் கீல் முள்ளில் ஒரு பொட்டு கிறீஸ். நல்லெண்ணெய் வேண்டாம், பிசினாகிப் புழுதியைப் பிடிக்கும். பஞ்சு வைத்த உறையில் பூட்டி வைக்கவும் வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உறையைக் கழற்றி, இரும்பலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு நிறுத்திப் பூட்டுங்கள். தோட்டா வேறு பூட்டில்.