ஓரம் வெட்டின அட்டைக்கு நம்பர் கிடையாது

பழைய பேஸ்பால் சிகரெட் அட்டைகளைச் சோதித்து, பத்துக்கு இத்தனை என்று நம்பரில் தரம் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடித் தரும் ஒரு நிறுவனத்துக்கு மூன்று அட்டைகளை அனுப்பினேன். அட்டைக்கு 30 டாலர், தபால் செலவு தனி. மூன்று வாரம் என்றார்கள், ஏழு வாரம் ஆனது. சோதித்தவருக்குக் கண் கூர்மை. லேபிள் அடித்தவர்தான் சொதப்பிவிட்டார்.

மூன்றும் டி206 வகை. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட், புகையிலை பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்தது. முன்னால் ஆட்டக்காரர் படம், பின்னால் புகையிலை விளம்பரம். கோவில்பட்டியில் தீப்பெட்டிப் படம் பொறுக்கி வளர்ந்தவன் நான். நியூஜெர்சிக்கு வந்தும் அந்தப் புத்தி போகவில்லை.

முதலாவது, பின்னால் பீட்மாண்ட் சிகரெட் விளம்பரம் போட்டது. பழம்பொருள் சந்தை ஒன்றில் வாங்கினேன். நான்கு முனையும் கூர்மை, ஓரம் பளிச்சென்று இருந்தது. நூறு வயதைத் தாண்டிய அட்டை இப்படி இருந்தால் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ‘அசல்’ என்று மட்டும் எழுதி, நம்பர் போடாமல் திரும்பி வந்தது. புதுசுபோல் காட்ட யாரோ ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். அப்புறம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்: மற்ற மூன்று விளிம்பும் பழுப்பு, வலது விளிம்பு மட்டும் வெளுப்பு.

இரண்டாவது அமெரிக்கன் பியூட்டி. இது பீட்மாண்டைவிட ஒடுக்கம், இதைத்தான் வெட்டு என்று தள்ளுவார்கள் என்று பயந்தேன். 2 போட்டு வந்தது. இந்த பிராண்டு அட்டைகள் தொழிற்சாலையிலேயே அகலம் குறைவாக வெட்டப்பட்டவை. ஸ்கேலை மட்டும் நம்பாமல் விளிம்பையும் பார்த்திருக்கிறார்கள். கொடுத்த காசு இங்கேதான் செரித்தது.

ஓரம் வெட்டுவது சில்லறை வியாபாரிகளின் வேலை மட்டும் இல்லை. இதே டி206 வகையில் மிகப் பிரபலமான, ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் அட்டை ஒன்று பத்துக்கு 8 வாங்கி, பல கைமாறி, மில்லியன் கணக்கில் விலை போனது. அதன் ஓரத்தை வெட்டியது தான்தான் என்று 2013இல் ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது போலார் பேர். அது சிகரெட் இல்லை, மெல்லும் புகையிலை. தூளோடு தூளாகக் கிடந்ததால் அட்டையெல்லாம் காப்பி சிந்தியதுபோல் கறை. வாசம் ஏதும் மிச்சமிருக்கிறதா என்று மோந்து பார்த்திருக்கிறேன், ஒன்றும் இல்லை. 1 போட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் லேபிளில் பீட்மாண்ட் என்று அடித்திருந்தார்கள்! ஒரே ஆட்டக்காரர், ஒரே படம் என்றாலும் பின்பக்க பிராண்டைப் பொறுத்து விலை மாறும். சேகரிப்பவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பதே பின்பக்கத்தைத்தான். அட்டையைப் புரட்டினால் ‘போலார் பேர்’ என்று கொட்டை எழுத்தில் நிற்கிறது, இதை எப்படித் தவறவிட்டார்கள்? கேட்டதும் மன்னிப்புக் கேட்டு, இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கு இன்னும் இரண்டு வாரம், போகிற தபாலுக்கு என் காசு.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். 50, 60 டாலர் அட்டையை அனுப்புவது வீண், கட்டணமே பாதி விலையைத் தின்றுவிடும். பார்க்க ரொம்ப அழகாக இருக்கிற அட்டை கைக்கு வந்தால் மட்டும் அனுப்புங்கள். பீட்மாண்ட் விற்றவருக்குப் போன் போட்டேன். விற்றது விற்றதுதானாம்.