ஆயில் கசியும் பழைய காரோடு பல வருடங்கள்

என்னுடையது பழைய பெட்ரோல் கார். இழுவை குறையவில்லை, மைலேஜும் பரவாயில்லை. ஆனால் நிறுத்திய இடத்தில் கறுப்பாக ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் கிளம்பும். இத்தனை வருடம் ஓட்டியதில் எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்றுதான். சொட்டின் அளவை வைத்து முடிவெடுத்தால் பணம் வீண். எங்கிருந்து வருகிறது, எதன்மேல் விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பட்டறைக்குச் சரி சொல்ல வேண்டும்.

சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே கோளாறு இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மேலே கசியும் ஆயில் இன்ஜினில் வழிந்து இறங்கும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். கடைசியில் சம்பந்தமே இல்லாத இடத்தில் சொட்டும். ஒரு பட்டறையில் அடியில் படுத்துப் பார்த்த கையோடு, "கிராங்க் பின்பக்க சீல் போயிடுச்சு சார், கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார்கள். இன்ஜினின் சுழல்தண்டு கியர்பாக்ஸ் பக்கம் வெளியே வரும் இடத்தில் ஆயிலை அடைத்து நிற்கும் வளையம்தான் அது. சீல் விலை அற்பம். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியைக் கேட்டால்தான் தலை சுற்றும். எதற்கும் இன்னொருவரிடம் காட்டுவோம் என்று போனேன். அவர் இன்ஜினைக் கழுவித் துடைத்துவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிக் கொண்டுவரச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தால், இன்ஜினின் மேல்மூடியான வால்வ் கவரின் பின்மூலையிலிருந்து நூல் மாதிரி ஓர் ஈரக்கோடு கீழே இறங்கியிருந்தது.

அப்புறம் இன்ஜின் வாயுவை வெளியே விடும் பிசிவி வால்வைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கினார். நல்ல வால்வாக இருந்தால் உள்ளே டக் டக்கென்று சத்தம் கேட்கும். என்னுடையதில் சத்தமே இல்லை. கரிப்பிசுக்கில் ஒட்டிப் போயிருந்தது. இன்ஜினுக்குள் சேரும் வாயு அந்த வழியாக வெளியேற முடியாவிட்டால் அழுத்தம் ஏறி, இருப்பதிலேயே பலவீனமான சீல் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். இதைக் கவனிக்காமல் கவருக்கு அடியில் இருக்கும் பேக்கிங்கை மட்டும் மாற்றினால் கசிவு திரும்ப வந்துவிடும். வால்வும் கவர் பேக்கிங்கும் மாற்றியதோடு வேலை முடிந்தது. கியர்பாக்ஸைத் தொடவே இல்லை.

சில கசிவுகளைத் தள்ளிப்போடக் கூடாது. இன்ஜின் புகை வெளியேறும் சூடான குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் ஆயில் பட்டால் கருகல் வாடை வண்டிக்குள் வரும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டில் பட்டால் ரப்பர் ஊறிக் கெடும். பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும், அந்தச் செலவுக்கு முன்னால் சீல் செலவெல்லாம் ஒன்றுமே இல்லை. ஸ்பார்க் பிளக் குழியில் ஆயில் நின்றால் இன்ஜின் சீராக ஓடாமல் மிஸ்ஸிங் அடிக்கும். இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப் ஓரத்தில் லேசாக வியர்த்தாற்போல் இருப்பதை நான் விட்டுவிட்டேன். ஆயில் மாற்றியதும் புதிதாகக் கசிந்தால் முதலில் ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெய்ன் போல்ட்டின் வாஷரையும் ஃபில்டரையும் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டியிருக்க, அதன்மேலேயே புதியதை மாட்டிவிடுவது உண்டு.

கசிவை நிறுத்தும் திரவமும் ஊற்றிப் பார்த்தேன். காய்ந்துபோன ரப்பர் சீலைக் கொஞ்சம் இளக்கி உப்ப வைக்கும், அவ்வளவுதான். கிழிந்த சீலுக்கு அது உதவாது. சிலிகான் பேஸ்ட்டை அப்பிவிடும் மெக்கானிக்கிடம் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து விழுந்து ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால் இன்ஜினே போய்விடும்.

முதல் பட்டறை சொன்ன அந்தக் கிராங்க் பின்பக்க சீலும் பிற்பாடு நிஜமாகவே கசிய ஆரம்பித்தது. கிளட்ச் தேய்ந்து கியர்பாக்ஸ் இறங்கும்வரை பொறுத்திருந்து, அதோடு சேர்த்து மாற்றினேன். கூலி ஒரே கூலியாகப் போயிற்று. இடைப்பட்ட காலத்தில் சமதரையில் நிறுத்தி, இன்ஜின் அணைத்துச் சில நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் பார்ப்பதை விடவில்லை. பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே சுமார் 1 லிட்டர்தான் வித்தியாசம். ஆயில் விளக்கு எரியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. அது எரியும்போது அழுத்தம் ஏற்கெனவே விழுந்திருக்கும், அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிட வேண்டியதுதான்.

இப்போது டைமிங் பெல்ட் மாற்றும் நேரம் நெருங்குகிறது. அந்தப் பெல்ட் பக்கம் இருக்கும் கேம் சீல், முன்பக்க கிராங்க் சீல் இரண்டையும் அப்போதே சேர்த்து மாற்றச் சொல்லியிருக்கிறேன்.