பரோடாவில் பதிப்போவிய முதுகலை: பணிமனைக்காகப் போகலாம், பட்டத்துக்காக வேண்டாம்

சென்னையிலோ கும்பகோணத்திலோ பி.எஃப்.ஏ. (கவின்கலை இளங்கலை) முடித்துவிட்டு அடுத்து எங்கே என்று தேடுபவர்கள் கையில் வைத்திருக்கும் பட்டியலில் சாந்திநிகேதன், ஹைதராபாத், பரோடா மூன்றும் தவறாமல் இருக்கும். இங்கே பார்க்கப்போவது பரோடா, அதாவது குஜராத்தின் வதோதரா. மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் கவின்கலைப் புலம், அதிலும் கிராபிக்ஸ் துறை நடத்தும் இரண்டாண்டு எம்.வி.ஏ. (காட்சிக்கலை முதுகலை). பெயரைப் பார்த்து கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் என்று நினைத்துவிட வேண்டாம். எட்சிங் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுப்பது), லித்தோ (கல்லில் வரைந்து அச்செடுப்பது), மரச்செதுக்கு, சில்க் ஸ்கிரீன் எல்லாம் சேர்ந்த பதிப்போவியத் துறைக்குத்தான் அங்கே அந்தப் பெயர். டிசைன் படிக்க நினைப்பவருக்கு இது இடமில்லை. சுமார் 110 கி.மீ. தள்ளி அகமதாபாத்தில் என்.ஐ.டி. (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) இருக்கிறது. அங்கே எம்.டெஸ். (வடிவமைப்பு முதுகலை) இரண்டரை ஆண்டு, படிப்பின் போக்கும் வேறு, செலவும் வேறு.

புலம் 1950இல் தொடங்கியது. மார்க்கண்ட் பட், என்.எஸ். பேந்த்ரே, சங்கோ சௌத்ரி, கே.ஜி. சுப்ரமணியன் என்று கற்பித்தவர்கள் எல்லோரும் படைப்பாளிகள். கைவினையையும் கலையையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அவர்கள் காலத்தில் வந்தது. மாணவர்கள் பொம்மையும் அட்டையும் செய்து விற்கும் ஃபைன் ஆர்ட்ஸ் ஃபேர் அந்தப் பழக்கத்தின் பிள்ளைதான். கிராபிக்ஸுக்கு முக்கியமான பெயர் ஜோதி பட். நியூயார்க்கின் பிராட் இன்ஸ்டிட்யூட்டில் இன்டாலியோ (தகட்டின் பள்ளத்தில் மை நிரப்பி அச்செடுக்கும் முறை) கற்றுத் திரும்பி, இங்கே பல தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

இந்த இரண்டு ஆண்டில் உங்களுக்குக் கிடைப்பது என்ன? பிரஸ், அமில அறை, அரைத்த கல், பக்கத்து மேசையில் வேலை செய்பவரின் கண். பாடத்திட்டம் அடுத்தபடி. அடிப்படை எட்சிங்கை அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று கிளம்புபவருக்கு முதல் ஆண்டு தகடு கெடுப்பதிலேயே போய்விடும். அதனால் போகுமுன் கைக்கு வந்திருக்க வேண்டியவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜிங்க் தகட்டின் நான்கு ஓரங்களையும் அரத்தால் 45 டிகிரிக்குச் சாய்க்காமல் பிரஸ்ஸில் ஏற்றினால் காகிதம் கிழியும், அதன் மேல் விரிக்கும் கம்பளி வெட்டுப்படும். நல்ல ஃபெல்ட் கம்பளி விலை அதிகம். துறைக்கே சில தொகுதிகள்தான் இருக்கும் என்பதால் ஒருவர் செய்யும் தவறு எல்லோருடைய பிரிண்ட்டிலும் கோடாக விழும். அரிப்புக்கு நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு, தண்ணீர் எட்டு முதல் பத்து பங்கு. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யவே கூடாது. தகட்டில் எழும் குமிழிகளை இறகால் விலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். விலக்காமல் விட்டால் குமிழி நின்ற இடம் அரிபடாமல் கோடு புள்ளி புள்ளியாக உடையும். அமிலம் சூடேறிப் பழுப்புப் புகை வந்தால் வேகம் கட்டுமீறிவிட்டது என்று அர்த்தம். அப்போது கிரவுண்ட் (தகட்டைக் காக்கும் பூச்சு) உரிந்து, வேண்டாத இடமெல்லாம் அரித்துவிடும். பரோடாவின் ஏப்ரல், மே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். குளிர்காலத்தில் எழுதிவைத்த நேரக் கணக்கு அப்போது உதவாது. ஓரத்தில் ஒரு சோதனைத் துண்டை அரித்துப் பார்த்துவிட்டுத்தான் பெரிய தகட்டை இறக்க வேண்டும்.

கோட்டுக்குப் பதில் சாயல் தரும் அக்வாடின்ட் முறையில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். ரோசின் (மரப்பிசின்) பொடி தகட்டின் பாதிப் பரப்பை மூடினால் போதும். அடியில் சூடு காட்டும்போது வெள்ளைத் தூள் கண்ணாடிபோல் தெளியும் கணத்தில் நெருப்பை விலக்க வேண்டும். குறைந்தால் அமிலத்தில் கழுவிக்கொண்டு போகும். கூடினால் துளிகள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து, அமிலம் நுழைய இடமே இராது, சாயலுக்குப் பதில் வழுக்கைத் திட்டு வரும். முகக்கவசம் இல்லாமல் ரோசின் பெட்டியைத் திறப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு, நெருப்புக்கு அருகில் ஆபத்தும்கூட.

வண்ணத்துக்கு ஜிங்க் ஏமாற்றும். மஞ்சளும் வெள்ளையும் அதன் மேல் அழுக்கேறிச் சாம்பலாகும். செம்புத் தகடு விலை கூடுதல்தான், ஆனால் நிறம் நிறமாகவே வரும். அதை அரிக்க ஃபெரிக் குளோரைடு. புகை இல்லை, ஆனால் கசடு கோட்டுக்குள்ளேயே படிந்து அரிப்பைத் தடுக்கும், ஆகவே தகட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒரே தகட்டில் பல வண்ணம் எடுக்கும் விஸ்காசிட்டி முறையில் ஆர்வமுள்ளவர்கள் முதலில் எண்ணெய்க் கணக்கைப் பிடிக்க வேண்டும். கடின உருளையால் எண்ணெய் கூடிய தளர்ந்த மையை மேட்டில் இட்டு, மென்மையான உருளையால் இறுகிய மையைப் பள்ளம்வரை கொண்டுபோனால் ஒன்றை ஒன்று ஒதுக்கும். இரண்டும் ஒரே இறுக்கத்தில் இருந்தால் சேறுதான் மிஞ்சும். பாரிஸில் பதிப்போவியர் ஹேய்டரின் அட்டெலியே 17 பணிமனையில் இந்த முறையை வளர்த்தவர்களில் ஒருவரான கிருஷ்ண ரெட்டி அதற்கு முன் சென்னை கலாக்ஷேத்திராவில் கலைப் பிரிவை நடத்தியவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

லித்தோவுக்குக் கல் அரைக்கும் பொறுமை வேண்டும். கார்போரண்டம் என்ற அரைக்கும் பொடியில் 80ஆம் எண் பரலில் தொடங்கி நுண்ணிய 220வரை, ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் நன்றாகக் கழுவி. முந்தைய கட்டத்துப் பரல் ஒன்று தங்கினாலும் கீறல் விழுந்து மறுபடி முதலில் இருந்து. மை ஏற்றும்போது கல் காய்ந்தால் வெற்றிடத்திலும் மை ஒட்டிக்கொள்ளும். கல்லை ஈரமாக வைக்கும் ஸ்பாஞ்சைப் பிடிக்க இன்னொரு கை தேவை என்பதால் லித்தோ தனி ஆளாகச் செய்கிற வேலை அல்ல. துணை இல்லாதவர்கள் எட்சிங்கோடு நின்றுகொள்வது நல்லது.

பரோடாவின் உண்மையான அனுகூலம் கிராபிக்ஸ் துறைக்கு வெளியே இருக்கிறது: கலை வரலாற்றுத் துறை. நாட்டில் அந்தப் பாடத்துக்குப் பெயர்பெற்ற துறைகளில் ஒன்று, அதே வளாகத்தில். நூலகத்தையும் அங்குள்ள மாணவர்களோடு நடக்கும் வாக்குவாதத்தையும் பயன்படுத்தாதவர் பாதிப் படிப்பைத்தான் வாங்குகிறார். ஆய்வுரை எழுதும்போது இது கைகொடுக்கும், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்விலும் கைகொடுக்கும்.

ஆண்டிறுதிக் காட்சியைத் தேர்வாளர்கள் மட்டுமல்ல, ஊரும் வந்து பார்க்கும். கேலரிக்காரர்களும் வருவார்கள். நல்லதுதான். ஆனால் 2007இல் அந்தத் தேர்வுக் காட்சிக்குள் வெளியார் புகுந்து எதிர்ப்புக் கிளப்பி, மாணவர் ஒருவர் கைதாகி, பொறுப்பு டீன் இடைநீக்கம் செய்யப்பட்டதும் அங்கேதான். படைப்பைக் காட்டும் மேடை என்றால் இதையும் தெரிந்துகொண்டு ஏறுவது நல்லது.

சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு, படைப்புத் தொகுப்பு, நேர்முகம் மூன்றுக்கும் தயாராக வேண்டும். தொகுப்பில் 15 முதல் 20 வேலைகள் போதும். அசல் பிரிண்ட்டுகளைக் கொண்டுபோங்கள். மொபைலில் காட்டும் படத்தில் தகட்டின் அழுத்தத் தடம் தெரியாது. ஒரே தகட்டின் மூன்று நான்கு கட்டங்களை வரிசையாக வைத்தால் யோசிக்கும் விதம் தெரியும்; மெருகேறிய முக ஓவியங்கள் பத்தைவிட அது மேல். போட்டோவைப் பார்த்துப் பிரதி எடுத்த உருவப்படங்களை எடுத்துவிடுங்கள். "இதை ஏன் வரையாமல் பிரிண்ட்டாகச் செய்தாய்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாத வேலை தொகுப்பில் இருக்கவே கூடாது. ஸ்கெட்ச் புக்கை அழகுபடுத்தாமல் அப்படியே கொடுக்கலாம்.

பணக் கணக்கில் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் முதல் செமஸ்டரிலேயே திணறுகிறார்கள். தனியார் டிசைன் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் பல்கலைக்கழகக் கட்டணம் குறைவு; தகடு, மை, இறக்குமதிக் காகிதம் தனி. சோதனைப் பிரதிகளுக்கு உள்ளூர்க் கைக்காகிதம், இறுதிப் பிரதிகளுக்கு மட்டும் சோமர்செட் அல்லது ஹானமூலே என்று பிரித்துக்கொண்டால் சமாளிக்கலாம். ஊறவைத்த காகிதத்தை ஒற்றியெடுக்காமல் பளபளக்கும் ஈரத்தோடு ஏற்றினால் அந்த விலை உயர்ந்த தாள் மையை வாங்காமல் தள்ளிவிடும். மழைக்காலத்தில் ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சை. சென்னையிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸ் நேராக வதோதரா போகிறது. ஒரு நாளுக்கு மேல் பயணம். தகடுகளை மரச் சட்டத்துக்குள் கட்டி எடுத்துப்போவது கையோடு சுமப்பதைவிட உத்தமம். இந்தி பேச வராவிட்டால் முதல் சில மாதம் கடையிலும் விடுதியிலும் சிரமம்தான்.

வேலை? ஆசிரியராக விரும்புபவர் 55 சதவீதத்தோடு முதுகலை முடித்து, நெட் தேர்வில் காட்சிக்கலைப் பாடம் எழுத வேண்டும். விளம்பர நிறுவனத்துக்கோ இணைய வடிவமைப்புக்கோ இந்தப் பட்டம் நேரடியாக உதவாது. பலர் கவனிக்காத இடம் இன்னொன்று: படிப்பு முடிந்த மறுநாள் பிரஸ் இருக்காது. நல்ல எட்சிங் பிரஸ் சொந்தமாக வாங்குவது எளிதல்ல. பரோடாவிலேயே தங்குபவர்களுக்கு சாப் போன்ற பொதுப் பணிமனை உண்டு. ஊர் திரும்புபவர்கள் சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமியின் கிராபிக்ஸ் பணிமனையில் இடம் கேட்கலாம். அதற்கான விசாரிப்பை இரண்டாம் ஆண்டு நடுவிலேயே தொடங்கிவிடுங்கள். வேலைகளைப் பார்த்துத்தான் இடம் தருவார்கள் என்பதால் இறுதிக் காட்சிக்கு எடுக்கும் பதிப்பில் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியைச் சட்டமிடாமல் தனியாக எடுத்துவையுங்கள்.